கரை இன்னும் எறங்கல

நேற்று ஒரு டப்பாவைத் திறந்தேன்.

அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். களஞ்சிய அறையைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய வரைபடச் சுருள்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தகர டப்பா ஒன்று. மண் மாதிரி எடுத்து வைக்கிற டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் பென்சில் எழுத்து.

‘உள் கரை. மேலே இருந்து நாலு அடி.’

உன் எழுத்து. ஆங்கிலத்தில் எழுத வேண்டிய சீட்டு அது. நீ தமிழில் எழுதிவிட்டு, “அவுங்க பாஷையில அப்புறமா எழுதிக்கலாம்” என்றாய். நான் எழுதவில்லை. சீட்டைப் படிக்க முடியாததால் ஆய்வுகூடம் டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான்தான் அதைச் சுருள்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

கத்தியால் மெழுகைக் கீறினேன். உள்ளே மண் ஈரமாக இருந்தது. ஆறு வருடம் கழித்தும். பெருவிரலை வைத்து அழுத்தினேன், ரேகை விழுந்தது. குளத்தின் அடிச்சேற்று வாசம் எழும்பி அறையில் நின்றது. கூட வேலை செய்த பையன்களை வெளியே போகச் சொன்னேன். தூசி என்று சொன்னேன்.

உனக்கு எழுதவேண்டிய கடிதத்தை நீ இருந்த காலத்தில் எழுதவில்லை. இப்போது முகவரி இல்லாத இடத்துக்கு எழுதுகிறேன். இது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில், நம் இரண்டு பேருடைய காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். உங்கள் பக்கம் இருமினால் எங்கள் பக்கம் விளக்கு ஆடும் என்று அம்மா சொல்வாள். ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, நான் பதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு. உங்கள் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. நீ பெரட்டுக்கு, தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் போனாய். கல்யாணம் கட்டி, மனைவி இருந்த தோட்டத்துக்கு, லுணுகலைப் பக்கம் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். அங்கே குளத்துக்குக் காவல் வேலை என்றும். அதைக் கேட்டபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. பரீட்சை இருந்தது.

பிறகு அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. அதற்கு அடுத்த வருடம் எங்கள் அலுவலகம் என்னை உன் தோட்டத்துக்கு அனுப்பியது. ஃபெக்டரிக்கும் லயங்களுக்கும் தண்ணீர் கொடுக்கிற குளம். மண்ணால் கட்டிய கரை, இருபத்தைந்து அடி உயரம். வெள்ளைக்காரத் தொரை காலத்துக் கரை. அடியில் இருந்த மடைக் கதவு பழுது. குளத்தை வடித்து அதைச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு வேகத்தில் வடிக்கலாம் என்று சொல்வது என் வேலை. படித்துவிட்டு வந்து, இஞ்சினியராக நான் தனியாகப் பார்த்த முதல் வேலை.

பசறை வழியாக வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். கரையில் மூன்று பேர் நின்றார்கள். புதிதாக வந்த சிங்களத் தொரை. கணக்கப்பிள்ளை. மூன்றாவது ஆள் நீ, காக்கிக் காற்சட்டையும் கையில் ஒரு தேயிலைக் குச்சியுமாக.

நீ என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாய். நானும்தான். நீ ஒரு அடி எடுத்து வைத்தாய். நான் தொரையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னேன். உன் அடி அங்கேயே நின்றது.

“சலாங்க சார்” என்றாய்.

கணக்கப்பிள்ளை உன்னை எனக்கு அறிமுகப்படுத்தினார். “இவன்தாங்க சார் குளத்து ஆளு. குளத்தோடதான் குடும்பம் நடத்துறான். பொண்டாட்டிகிட்ட பேசுறதவிட கரைகிட்ட பேசுறதுதான் கூட.”

“கரை எதுத்துப் பேசாதுங்களே” என்றாய் நீ. அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, “குளத்திலை இப்ப எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு சொல்லுறியளோ?” என்று கேட்டேன்.

நான்கு வருடம் என் அறையில் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பையன்கள். அந்தப் பேச்சு என் நாக்கில் நன்றாகவே ஏறியிருந்தது. தோட்டத்துப் பையன் என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. நீ ஒரு நொடி என் வாயைப் பார்த்தாய். பிறகு, “பதினெட்டு அடிங்க சார்” என்றாய்.

தொரையும் கணக்கப்பிள்ளையும் போன பிறகு நாம் இரண்டு பேரும் கரையில் நடந்தோம். பிறகு நீ மெதுவாகக் கேட்டாய்.

“என்னடா அது, ‘சொல்லுறியளோ’? பல்லு வலியா?”

நான் சிரிக்கவில்லை. “ஆட்கள் இருக்கும்போது ‘டா’ வேண்டாம்” என்றேன். நினைத்துப் பார்த்தால் அது எந்தத் தமிழும் இல்லை. புத்தகத்தைப் போலப் பேசினேன்.

“சரிங்க சார்” என்றாய். கேலிதான். ஆனால் அன்றிலிருந்து ஆள் இல்லாத இடத்தில்கூட நீ என்னை ‘டா’ போடவில்லை. ஒரு தடவை தவிர.

கரையின் உள்பக்கச் சரிவில், தண்ணீருக்கு நாலைந்து அடி மேலே, ஒரு பழைய வேலிக்கம்பம் உக்கிப்போய்க் குழி மட்டும் மிஞ்சியிருந்தது. ஆழமான குழி. அதன் மேல் நீ ஒரு தகரத்துண்டை மூடி, கல் வைத்திருந்தாய். கல்லைத் தள்ளிவிட்டுத் தேயிலைக் குச்சியை உள்ளே விட்டாய். குச்சியில் கத்தியால் வெட்டிய கோடுகள். நனைந்த இடத்தைக் காட்டினாய். குழிக்குள் நின்ற தண்ணீர் குளத்து மட்டத்துக்குக் கிட்டத்தட்ட நேராக இருந்தது.

“போன பங்குனியில ஃபெக்டரிக்கு ரெண்டு நாள் வேகமா தொறந்து விட்டோம். தண்ணி அஞ்சு அடி எறங்கிருச்சு. இந்தக் குழியில பாத்தா அப்புடியே நிக்குது. எட்டு நாளு. அப்புறந்தான் கொஞ்சங் கொஞ்சமா கரை எறங்குச்சு.”

‘தண்ணி’ என்று நீ சொன்னது குளத்துத் தண்ணீரை. ‘கரை’ என்று சொன்னது கரைக்குள் ஊறி நிற்கும் தண்ணீரை. உன் பேச்சில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். தண்ணி எறங்கும், கரை எறங்க நாளாகும். அப்படித்தான் சொல்வாய். வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. நாமெல்லாம் அப்படித்தானே பேசினோம். மழைவிட்ட மறுநாளும் ஈரம் விடாத லயத்துச் சுவரைக் காட்டி, ‘செவுரு இன்னும் எறங்கல’ என்று உன் அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் குழியைப் பார்த்து நான் உள்ளுக்குள் ஆடிப்போனேன். பேராதனையில் கிரேக்க எழுத்துகளோடு இதையே படித்திருந்தேன். களிமண் தண்ணீரை லேசில் விடாது. வெளியே குளம் வேகமாக வடிந்தாலும் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் போய்விடும், உள்ளிருந்து தள்ளுகிற தண்ணீர் போகாது. சரிவு குளத்தின் பக்கமாகவே சறுக்கும். குளம் நிறைந்திருந்தால் கரைக்கு ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். விரிவுரையாளர் இதைச் சொன்னபோது வகுப்பில் பாதிப்பேர் நம்பவில்லை.

நீ அதைப் பின்னேர வெயிலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாய். “கரை தண்ணியத் தாங்குதுன்னு நெனைக்கிறாங்க. தண்ணிதான் கரையத் தாங்குது.”

என் குறிப்பேட்டில் எழுதினேன்: ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்கக் கூடாது. குழியையும் எழுதினேன், அதற்குப் பக்கத்தில் ஒரு டப்பா மண்ணும் எடுத்தோம். அவதானிப்புக் கிணறு என்று பெயர் வைத்தேன். யார் கண்டுபிடித்தது என்று எழுதவில்லை. அப்போதே ஆரம்பித்துவிட்டது, பார்.

அடுத்த நாள் தொரை பங்களாவில் மதியச் சாப்பாடு. வெள்ளை மேசைத்துணி. சின்ன வயதில் அந்த மாதிரி பங்களாவின் பின்வாசல்வரை போயிருக்கிறேன், அப்பாவோடு, விறகு இறக்க. முன்வாசல் வழியாகப் போவது இதுதான் முதல் தடவை. தொரை நல்லவர், கலகலப்பானவர். சோற்றைப் பரிமாறச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார், நீங்கள் யாழ்ப்பாணம்தானே, எந்தப் பகுதி என்று.

நான் சிரித்தேன். அவ்வளவுதான். ஆம் என்று சொல்லவில்லை. சிரித்தேன்.

அவர் தன்னோடு படித்த யாழ்ப்பாணத்துக்காரர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன். பிறகு வேலைக்கு வந்தார். பதினெட்டு நாள் முடியாது. வறட்சியில் கொழுந்து குறைவு, ஒரு கிழமைதான் ஃபெக்டரியை மூட முடியும். நாலு நாளில் குளம் காலியாக வேண்டும். முடியுமா? முன்பு யாரும் இவ்வளவு யோசித்ததில்லையே.

கவனமாகப் பார்த்துக்கொண்டால் முடியலாம் என்றேன். முதல் இரண்டு நாள் பாதி திறப்போம், கரையைப் பார்ப்போம், சரியென்றால் மூன்றாம் நாள் முழுக்கத் திறப்போம். என் குறிப்பேடு மேசைத்துணியின் மேல் மூடியே கிடந்தது.

மூன்றாம் நாள் காலைக்குள் தண்ணீர் பதினோரு அடி இறங்கியிருந்தது. பத்து மணிக்குத் தொரை கரைக்கு வந்தார். நீ குழியில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாய். உனக்கு உடைந்த சிங்களம் தெரியும். தொரையிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அங்கே நின்றேன். நான் இருக்கும்போது எதற்கு உடைந்த பாஷையில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாய். என்னைப் பார்த்துச் சொன்னாய்.

“தண்ணி எறங்கிருச்சுங்க சார். கரை இன்னும் எறங்கல.”

என்ன சொல்கிறான் என்று தொரை கேட்டார்.

இந்த இடத்துக்கு ஆறு வருடமாக வந்துகொண்டிருக்கிறேன். தொரையின் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது? மூச்சு ஒன்று இழுக்கிற நேரம். அதற்குள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. நீ என்ன சொல்கிறாய் என்று தெரியும். குச்சியில் ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்றும் பார்த்துவிட்டேன். அதை ஆங்கிலத்தில் சொன்னால் தொரை அடுத்து என்ன கேட்பார் என்றும் தெரியும். கரை இறங்கவில்லை என்றால் நல்லதுதானே, அவன் சொன்னது அவ்வளவுதானே, நீ எங்கிருந்து இவ்வளவு அர்த்தம் எடுக்கிறாய்? அது தோட்டத்துப் பேச்சு, ஐயா, லயத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டும். உனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு எப்படித் தெரியும். அந்த ஒரு கேள்வி.

‘தண்ணீர் இறங்கிவிட்டது. கரை இறங்கவில்லை என்கிறான். அசையவில்லை’ என்றேன் ஆங்கிலத்தில்.

சொல்லுக்குச் சொல் சரி. எந்த அகராதியை வைத்துப் பார்த்தாலும் அது பிழையில்லை.

தொரைக்குச் சந்தோஷம். கணக்கப்பிள்ளையிடம் சிங்களத்தில், கதவை முழுக்கத் திறக்கச் சொல் என்றார். அதைக் கேட்டு நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் சொல்லியிருப்பேன், தொரை கேட்கவில்லை என்றுதான் நினைத்தாய். எனக்காக வருத்தப்பட்டாய் என்றுகூட நினைக்கிறேன். பிறகு போய் உன் கையாலேயே கதவைத் திறந்தாய்.

நாலாம் நாள் காலை குளம் வெறும் சேறு. மடைக்கு முன்னால் சேறு வாரக் கணக்கப்பிள்ளை ஆறு பேரை இறக்கியிருந்தார். நானும் தொரையும் அவரும் கரையின் உச்சியில் நின்றோம். நீ மட்டும் சரிவில், குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். குச்சியை எடுத்தாய். பார்த்தாய். அதைத் தூக்கி என்னிடம் காட்டினாய். தூரத்திலும் ஈரம் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட ஒரு தாள் வந்திருந்தது, அதைப் பார்த்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. துணி கிழிகிற மாதிரி. என் சப்பாத்துக்கு ஒரு முழம் முன்னால், கரையின் நீளத்துக்கு, நூல் பிடித்தது போல ஒரு வெடிப்பு. அது தெரிவதற்கு முன்பே நீ எழும்பிவிட்டாய். “ஏறுங்கடா, பக்கவாட்டுல ஏறுங்க, மம்பட்டியப் போடு” என்று கத்திக்கொண்டே கீழே, அவர்களிடம் ஓடினாய். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி என்னைப் பார்த்தாய்.

“டேய், பின்னுக்குப் போடா.”

போனேன். நான் நின்ற இடமும் சேர்ந்து இறங்கியது. அவசரமே இல்லாமல், ஒரு பெரிய மிருகம் படுப்பதைப் போல, சரிவு முழுவதும் குளத்துக்குள் படுத்தது. ஆறு பேரும் ஓரமாக ஏறிவிட்டார்கள். கடைசி ஆளைத் தள்ளிவிட்ட உன்னை மண் இடுப்புவரை பிடித்துக்கொண்டது.

உன்னைத் தோண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நானும் இறங்கித் தோண்டினேன். அதைச் சொல்வதில் இப்போது ஒரு பயனும் இல்லை, ஆனால் தோண்டினேன். நீ கத்தவில்லை. ஒருவனிடம், “மெதுவாடா, அது என் காலு, தேயில வேரு இல்ல” என்றாய். லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லொறி போன பிறகு கணக்கப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தார்.

“அவன் சாரை ‘டேய்’னு கூப்புட்டானே?”

“பயத்திலை வாய் தவறியிருக்கும்” என்றேன். யாழ்ப்பாணப் பேச்சில்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்துக் கந்தோரில் விசாரணை. யார் யாரோ வந்திருந்தார்கள். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள், கரையைப் பற்றிக் காவல்காரன் முன்கூட்டியே ஏதாவது எச்சரிக்கை செய்தானா என்று. நான் சொன்னேன், மூன்றாம் நாள் காலை கரை இறங்கவில்லை என்று அவனே அறிக்கை செய்தான். அந்தப் பதிலைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். கையெழுத்திட்டேன். பேனா நன்றாக எழுதியது.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கால் கட்டுப்போட்டு மேலே தொங்கியது. உன் மனைவி கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழும்பி, “வாங்க சார், ஒக்காருங்க” என்று இடம் விட்டாள். அவளிடமும் நீ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. என் இரகசியத்தை நான் காத்ததைவிட நீ நன்றாகக் காத்தாய்.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது கேட்டாய்.

“விசாரணை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நான் சொன்னத எழுதினியா?”

“நீ சொன்னத அப்படியே எழுதியிருக்கு.”

“அப்ப சரி” என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். முகம் தெளிந்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே சுத்தமான பொய் அதுதான். அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

உன் கைக்குக் கடிதம் வந்தது. கரையின் நிலையைப் பிழையாக அறிக்கை செய்தது, கவனக்குறைவு, வேலையிலிருந்து நீக்கம். ஆங்கிலத்தில் இருந்ததை லுணுகலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடை முதலாளியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாயாம். அவர் இரண்டு தடவை வாசித்தாராம். நீ மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னாயாம். இது உன் மனைவி பிறகு எழுதித் தெரிந்தது. கடையைவிட்டு வெளியே வந்து, “வார்த்தை என்னோடதுதான்” என்று மட்டும் சொன்னாயாம். யார் அதை அப்படித் திருப்பினது என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம்.

அந்த வருடக் கடைசியில், பிரஜாவுரிமை இல்லாத உங்களுக்கு இந்தியாவுக்குப் போகும் கடிதாசிகள் வந்தன. வேலை இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருப்பீர்கள். வேலையும் இல்லை, காலும் சரியில்லை. கணக்கப்பிள்ளை மூலம் எனக்குத் தகவல் அனுப்பினாய். புதன்கிழமை, காலைக் கோச்சி, பதுளை ஸ்டேஷன்.

என் அறையிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்துபோனால் பத்து நிமிடம். அன்றைக்கு லீவு போட்டேன். காலையில் குளித்தேன். சட்டை மாற்றினேன். பிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, உன் கரையின் சரிவைத் தாளில் வரைந்து, அது நிற்குமா என்று கணக்குப் போட்டேன். சரிவு எந்த வளைவில் சறுக்கும் என்று பார்க்கிற வழுக்கு வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் எடையையும் எழுதி. கரைக்குள் இருந்த தண்ணீரும் குளத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டது என்று வைத்தால் கரை நிற்கிறது. உன் குச்சியில் நான் பார்த்த கோட்டை வைத்தால் நிற்கவில்லை. இரண்டு தடவை போட்டேன். இரண்டாம் தடவை முடிகிறபோது கோச்சி ஊதியது. ஸ்டேஷனில் ஆட்கள் அழுகிற சத்தம் என் யன்னல்வரை வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கிழமையும் வந்த சத்தம்தான். யன்னலைச் சாத்தினேன்.

போய்ச் சேர்ந்த பிறகு நீ ஒரு தபால் அட்டை போட்டாய். கூடலூர்ப் பக்கம், அங்கேயும் தேயிலைதான், குளிர் கூட. ‘இங்கே குளம் இல்லை, ஆறுதான். நான் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வேலை.’ குளத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி இல்லை. ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று முடித்திருந்தாய். பதில் எழுத ஆரம்பித்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் வரி மட்டும்.

போன மாசியில் உன் மனைவியின் கடிதம் வந்தது. காய்ச்சலில் படுத்து நாலே நாளில் போய்விட்டாய் என்று. கால் கடைசிவரை இழுத்தது என்று. துணிக்கடைக் கதையையும் அதில்தான் எழுதியிருந்தாள். பிறகு இப்படி எழுதியிருந்தாள்: ‘நீங்கள் யாரென்று இங்கே வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். ஒரே சுவராமே. இங்கே எல்லாரிடமும் என் கூட்டாளி இலங்கையில் இஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நம்பாதவர்களோடு சண்டைக்குப் போவார்.’

அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரு அணைக்கட்டின் வரைபடத்தில் ஒப்பமிட்டேன். தண்ணீரை எந்த வேகத்தில் இறக்கலாம் என்ற வரியில் நான் எப்போதும் ஒரு நாளைக்கு ஒரு அடி என்றுதான் எழுதுகிறேன். கரைக்குள் குழாய் இறக்கி, உள்ளே நிற்கும் தண்ணீரை அளக்காமல் கதவைத் தொட விடுவதில்லை. கவனமான இஞ்சினியர் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அது உன் குச்சி என்று யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று டப்பாவைத் திறந்த பிறகு, பழைய கோப்பு எங்கே என்று கேட்டேன். எங்கள் தலைமை எழுதுவினைஞர் வயதானவர், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், என்னைத் தன் ஊர்ப்பக்கத்து ஆள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருப்பவர். தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

“உது எப்பவோ மூடின ஃபைல் தம்பி. அந்தக் காவல்காரன் இப்ப எங்கை?”

“இறந்துபோனார்.”

“பிறகென்ன?”

பிறகென்ன என்று எனக்கும் தெரியவில்லை. இருந்து எழுதினேன். காவல்காரன் எச்சரித்தான், அவன் சொன்னதை நான்தான் பிழையாக மொழிபெயர்த்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவன் சொன்ன சொற்கள் பின்வருவன என்று எழுதி, அங்கே ஆங்கிலம் நின்றுவிட்டது. உன் வசனத்தைத் தமிழில், நீ சொன்னபடியே எழுதினேன். கரை என்று அவன் சொன்னது கரைக்குள் நின்ற தண்ணீரை என்று கீழே விளக்கினேன். அதற்கும் கீழே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தொரை அன்று கேட்காமல் விட்ட கேள்வி. யாராவது கேட்பதற்கு முன் நானே எழுதினேன். இந்தப் பொருள் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஹாலிஎலத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், அவனுடைய பக்கத்துக் காம்பரா. இது என் வீட்டுப் பேச்சு. அன்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் புதன்கிழமைக் கோச்சி திரும்பி வராது. ஆறு வருடம் கழித்து, நீ இல்லாத பிறகு, எனக்குப் பெரிய சேதம் எதுவும் வராத காலத்தில் எழுதுகிறேன். அது எனக்குத் தெரியும். இதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொள்ளவில்லை.

டப்பாவில் இருந்த மண்ணை அடுப்பில் உலர்த்தி, எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பார்ப்பதுதான் முறை. செய்யவில்லை. மெழுகை உருக்கி மறுபடியும் மூடினேன். சீட்டில் உன் எழுத்துக்குப் பக்கத்தில் வேறு எதையும் எழுதவில்லை. இப்போது அது என் பைக்குள் இருக்கிறது. நான் போகிற இடமெல்லாம் வரும். சின்ன டப்பாதான், ஆனால் ஈரமண் பாரம்.

இன்று காலை தலைமை எழுதுவினைஞர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கடைசிப் பந்திவரை வந்திருக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, உன் வசனத்தின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, ‘எறங்கல’ எண்டு எழுதியிருக்கிறியள். இதிலை எழுத்துப்பிழை. ‘இறங்கவில்லை’ எண்டு திருத்திவிடட்டோ?”

“வேணாங்க” என்றேன், நம் வீட்டுப் பேச்சில். “அப்புடியே இருக்கட்டும்.”

அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.